கேட்கும் கிளியின் மூக்கு

ஒட்டுக்காரம்மா ஒட்டிக் கொடுத்த பொருள் எதுவும் இந்த உலகத்தில் மறுபடி உடைந்ததே இல்லை. ஒரு வீட்டில் இடி விழுந்து, கூரை போய், சுவர் போய், அவள் கைப்பிடி ஒட்டித் தந்த தேநீர்க் கோப்பை மட்டும் மேசைமேல் ஆவி பறக்க உட்கார்ந்திருந்தது. சரி, இது கொஞ்சம் ஊதிச் சொன்னது. இடி இல்லை, பூனை. கோப்பையும் உடையத்தான் செய்தது. ஆனால் ஒட்டின இடத்தை விட்டுவிட்டு வேறு இடத்தில் உடைந்தது. அதற்கு மேல் எந்த ஒட்டுக்காரரிடமும் எதிர்பார்க்கக் கூடாது.

அவள் கடை கடைத்தெருவில், ஒரு மாடிக் கட்டடத்தின் படிக்கட்டுக்கு அடியில் இருக்கிறது. படிக்கட்டு ஏறுகிற சாய்விலேயே கடையின் கூரையும் சாய்ந்து இறங்கும். வாசலில் நிமிர்ந்து நிற்கலாம், நடுவில் குனிய வேண்டும், உள்ளே போனால் உட்காரத்தான் முடியும். அங்கேதான் அவள் உட்கார்ந்திருப்பாள். மேலே யார் ஏறினாலும் தலைமேல் நடப்பது போலிருக்கும். மேல்மாடிக் கணக்கர் கோபமாக வருகிறாரா, பசியாக வருகிறாரா என்பது செருப்புச் சத்தத்திலேயே அவளுக்குத் தெரிந்துவிடும். அவளைப் பற்றி மேலே ஏறுகிறவர்களுக்குத் தெரிந்தது ஒன்றுதான்: காலையில் பசை காய்ச்சுவாள், நாறும்.

அது வஜ்ஜிரப் பசை. தச்சர்கள் மரத்துக்குப் போடுவார்களே, தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுத்த கட்டிப் பசை, அது. குழாயில் அடைத்து விற்கிற பசை ஒரு நொடியில் ஒட்டும், பிறகு உயிர் போனாலும் விடாது. அதை அவள் கடைக்குள் விட்டதில்லை. அப்பா காலத்துப் பழக்கம். "நாம ஒட்டுறது தப்பாவும் போயிருக்கும். நமக்கப்புறம் வர்றவன் பிரிச்சுப் பார்க்க வேண்டாமா? வெந்நீர்ல விடாத பசையைக் கையால தொடாதே" என்பார் அப்பா. அதனால் அவர்கள் ஒட்டிய பொருளைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டு ஊற வைத்துவிட்டு, பிரிந்துவிட்டது என்று சண்டைக்கு வருபவர்கள் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. அவளும் முகம் சுளிக்காமல் மறுபடி ஒட்டித் தருவாள். முகம் சுளிப்பதற்கும் தெம்பு வேண்டுமே.

அப்பாவின் இன்னொரு பழக்கம்தான் அவள் தலையில் விடிந்தது. சரி செய்யக் கொடுத்துவிட்டு வாங்க வராதவர்களின் பொருளை அவர் விற்க மாட்டார், வீட்டுக்கும் எடுத்துப் போக மாட்டார். வாசலைப் பார்த்தபடி ஒரு பலகைத் தட்டு. அதற்கு 'வராதவங்க தட்டு' என்று பெயர். ஒரு கண் மூடாத பொம்மை, மூடியில்லாத சர்க்கரைக் கிண்ணம், யாருடையதோ தாத்தாவின் குடைப்பிடி, எல்லாம் அதில் தூசி குடித்துக்கொண்டிருந்தன. நடுவில் ஒரு பச்சைக் கிளி. பீங்கான் கிளி, முழங்கை உயரம், காலடியில் பித்தளையில் செய்த கொடியும் இலையும். வாயைப் பிளந்துகொண்டு தெருவைப் பார்த்து எதையோ சொல்ல வந்ததுபோல் நிற்கும்.

அந்தக் கிளியால்தான் அவளுக்கு 'கிளிக்காரன் மகள்' என்று இன்னொரு பெயரும் இருந்தது. ஒட்டுக்காரம்மா என்றால் திரும்பிப் பார்ப்பாள். இந்தப் பெயரைச் சொன்னால் காது கேட்காதவள் மாதிரி இருந்துவிடுவாள்.

நடந்தது இதுதான். அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, மேட்டுத்தெருவில் மூக்குக்கண்ணாடி வியாபாரி ஒருவரின் பெரிய வீடு இருந்தது. அந்த வீட்டின் முன்னறையில் தலைமுறை தலைமுறையாக ஒரு ஜோடிக் கிளிகள். ஒரு நாள் வியாபாரி ஒரு கிளியைத் துவாலையில் சுற்றித் தானே தூக்கிவந்தார். மூக்கு உடைந்திருந்தது. உடைந்த துண்டு கிடைக்கவில்லையாம். "ஜோடிதான், பார்த்து நல்லா பண்ணுங்க" என்று சொல்லிவிட்டு அவசரமாகப் போனார். அப்போது எல்லாருமே அவசரமாகத்தான் போய்க்கொண்டிருந்தார்கள். ஊரில் ஆட்சி மாறிவிட்டது. இன்னார் இருக்கலாம், இன்னார் இருக்கக் கூடாது என்று சொல்ல ஆள் வந்துவிட்டது. வியாபாரி குடும்பம் இருக்கக் கூடாதவர்கள் பக்கம். அந்த வாரமே கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு அவர்கள் ஊரைவிட்டுப் போனார்கள். மறுநாள் ஒரு லாரி வந்து வீட்டை வழித்துத் துடைத்து ஏற்றிக்கொண்டு கிளம்பியது.

அந்த லாரி போகிற போக்கில் ஒட்டுக்கடை வாசலில் நின்றது. அதில் வந்த அதிகாரியின் மூக்குக்கண்ணாடிக் கால் கழன்றிருந்தது. கண்ணாடி வியாபாரியை விரட்டிவிட்டுக் கண்ணாடிக்கு ஆள் தேடினால் ஒட்டுக்காரன்தானே அகப்படுவான். அப்பா குனிந்து வாங்கினார், குனிந்தே சரி செய்தார். மேசைமேல் துவாலை விலகிக் கிளியின் தலை தெரிந்தது. மேசைக்கு அடியில் ஒளிந்திருந்த மகளுக்கு அப்பாவின் காலும் அதிகாரியின் பூட்ஸும் மட்டும் தெரிந்தன.

"இது என்ன?" என்றான் அதிகாரி.

"கோழிங்க. மூக்கு போயிடுச்சு" என்றார் அப்பா.

அதிகாரிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. பச்சைக் கோழி, அதுவும் மூக்கறுந்த கோழி. அப்பாவின் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போய் ஏறிக்கொண்டான். மற்றொரு கிளி, அவன் உட்கார்ந்த இருக்கைக்குப் பின்னாலேயே, ஒரு மெத்தை உறைக்குள் கிடந்தது. பக்கத்தில் பக்கத்தில் இருந்தும் இரண்டும் ஒன்றையொன்று பார்க்கவில்லை.

எதிர்க்கடைத் தையல்காரர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பார்த்தது: லாரி நின்றது, ஒட்டுக்காரன் குனிந்தான், அதிகாரி சிரித்தான், தோளில் தட்டினான். பிறகு கலவரம் ஓய்ந்து, ஆட்சியும் இன்னொரு முறை மாறி, ஜனங்கள் வாய் திறந்து பேச ஆரம்பித்தபோது, ஒட்டுக்கடைத் தட்டில் வியாபாரி வீட்டுக் கிளி நின்றது. ஒன்றையும் ஒன்றையும் கூட்டத் தையல்காரருக்கு அதிக நேரம் ஆகவில்லை. "வியாபாரி வீட்டுக்கு வழி காட்டினதுக்குக் கூலி" என்றார். அவருக்குக் கத்தரிக்கோலும் நாக்கும் ஒரே கூர்மை.

அப்பா வாயைத் திறக்கவில்லை. கிளியை மறைத்து வைத்தால் திருடன் என்பார்கள் என்று, எல்லாருக்கும் தெரிகிற மாதிரித் தட்டின் நடுவில் வைத்தார். அதைப் பார்த்து, "எவ்வளவு நெஞ்சழுத்தம் பார்" என்றார்கள். அவள் மேசைக்கு அடியிலிருந்து பார்த்ததைப் பள்ளிக்கூடத்தில் சொல்லிப் பார்த்தாள். அப்பனுக்கு மகள் சாட்சி என்று சிரித்தார்கள். அதோடு அவளும் விட்டுவிட்டாள்.

அப்பா போன பிறகு கடையும் பசைச் சட்டியும் கிளியும் அவளுக்கு வந்தன. கல்யாணம் ஆயிற்று, ஒரு மகள் பிறந்தாள், படித்தாள், வெளியூரில் வேலைக்குப் போய், "கடையை மூடிட்டு இங்க வந்துடும்மா" என்று வாராவாரம் போனில் சொன்னாள். ஒட்டுக்காரம்மாவுக்கும் ஆசைதான். முழங்கால் மடக்கினால் நிமிராது, நிமிர்ந்தால் மடங்காது. கண் பாதி ஊகத்தில் ஓடியது. விரல் நுனியில் ரேகை தேய்ந்துபோய், வங்கியில் விரல் வைத்தால் இயந்திரம் இப்படி ஒரு ஆளே இல்லை என்று சொன்னது. ஆனால் கிளியை என்ன செய்வது? விற்றால் அப்பா திருடன் என்று அவளே எழுதிக் கொடுத்த மாதிரி. எடுத்துக்கொண்டு போனாலும் அதேதான். அந்தக் குடும்பத்திலிருந்து ஒருவர் வந்து, எங்கள் பொருளைத்தான் வைத்திருந்தார்கள் என்று தெருக்காரர்கள் காதுபட ஒரு வார்த்தை சொல்லாமல் கதவைச் சாத்த அவளால் முடியவில்லை. அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் தினமும் காலையில் பசை கொதித்தது.

எதிரே தையல்கடையில் இப்போது மகன் தையல்காரர். அப்பனின் இயந்திரமும் நாக்கும் அவருக்கு வந்திருந்தன. "என்ன ஒட்டுக்காரம்மா, கிளி ஏதாவது வாயைத் திறந்துச்சா? யாரு திருடன்னு சொல்லுச்சா?" என்று பொத்தான் தைத்துக்கொண்டே கேட்பார்.

"சொல்லுச்சு. உங்கப்பா தைச்ச சட்டைக்கு ஒரு கை நீளம்னு சொல்லுச்சு" என்பாள். பதில் வரும். ஆனால் வரவர அதிலும் சுரத்தில்லை.

இதற்கிடையில் லாரியில் போன கிளி வாழ்ந்த வாழ்க்கை தனி. அதிகாரி அதைத் தன் மனைவிக்குக் கொடுத்தான். சாப்பிடும்போதெல்லாம் வாயைப் பிளந்துகொண்டு தட்டையே பார்க்கிறது என்று அந்த அம்மாள் அதைச் சுவர் பக்கம் திருப்பி வைத்தாள். அதனால் அவள் போகிற வரைக்கும் அந்த வீட்டில் அதன் முதுகை மட்டும்தான் எல்லாரும் பார்த்தார்கள். பிறகு மகன் அதைப் பழம்பொருள் வியாபாரி ஒருவரிடம் தள்ளிவிட்டான். அவர் அதை அரண்மனைக் கிளி என்றார். எந்த அரண்மனை என்று கேட்டவர்களிடம் மட்டும் ஒரு பெயர் சொன்னார், ஆளுக்கொரு பெயர். கடைசியில் கடல் தாண்டி ஒரு பணக்காரக் கைம்பெண் வாங்கினாள். அவள் தன் காலத்துக்குப் பிறகு ஒரு பெரிய அருங்காட்சியகத்துக்கு எழுதி வைத்தாள். அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள், தனி விளக்கு, தனிக் காவல். கீழே ஒரு சீட்டு: முந்தைய உரிமையாளர் தெரியவில்லை. தெரியாமல் என்ன, யாரும் கேட்கவில்லை.

கேட்டது வியாபாரியின் பேத்திதான். அவள் அம்மா விட்டுப்போன பொருட்களில் தாத்தாவின் கல்யாணப் புகைப்படம் ஒன்று இருந்தது. மாப்பிள்ளையும் பெண்ணும் முன்னால், கிளிகள் பின்னால் அலமாரிமேல். அந்தப் படத்தை வைத்துக்கொண்டு பேத்தி எழுதினாள், காத்திருந்தாள், மறுபடி எழுதினாள். தாத்தா பிறந்ததற்குச் சான்று கேட்டார்கள், இறந்ததற்குக் கேட்டார்கள், நடுவில் வாழ்ந்ததற்கும் கேட்டார்கள். இதெல்லாம் முடிந்து கிளி கைக்கு வந்தபோது அவள் தலை நரைக்க ஆரம்பித்திருந்தது. வீட்டில் அதை வைக்க இடமும் இல்லை. தாத்தாவின் ஊரிலேயே, பழைய தபால் நிலையத்து மாடியில் இருக்கிற சின்ன அருங்காட்சியகத்தில் இருக்கட்டும் என்று முடிவு செய்தாள்.

ஒட்டுக்காரம்மாவுக்குச் சேதி வந்தது கணவர் மூலம். அவர் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். செய்தித்தாளை இப்போதும் ஸ்டியரிங் பிடிக்கிற மாதிரி இரண்டு கையாலும் பிடித்துத்தான் படிப்பார்.

"இந்தா பாரு" என்றார், "உன் கிளிக்கு அண்ணன் வந்திருக்கான். வெளிநாட்டுல இருந்து. போட்டோ எல்லாம் போட்டிருக்கான்."

அவள் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். அடுப்பில் பசை பொங்கி வழிந்தது.

"கொண்டு போய்க் குடுத்துடலாம்" என்றாள்.

"குடுத்துட்டு?"

"கடையைச் சாத்திட்டுத் தூங்கணும். யாரும் எழுப்பக் கூடாது. நீங்களும்தான்."

"நான் எங்க எழுப்பப் போறேன். உனக்கு முன்னாடி நான் தூங்கிடுவேனே."

அருங்காட்சியகத்து விழாவன்று அப்பா காலத்துத் துவாலையிலேயே கிளியைச் சுற்றி எடுத்துக்கொண்டாள். துவாலை நைந்து வலை மாதிரி ஆகியிருந்தது, ஆனால் அதுவும் வியாபாரி வீட்டுப் பொருள்தானே. தபால் நிலையத்து மாடிப்படியில் ஒவ்வொரு படிக்கும் முழங்கால் ஒரு பேச்சுப் பேசியது. தான் வாங்கிக்கொள்வதாக வீட்டுக்காரர் இரண்டு தடவை கை நீட்டினார். கொடுக்கவில்லை. பின்னாலேயே கடைத்தெரு பாதி ஏறி வந்தது, தையல்காரர் முன்னணியில். வேடிக்கை என்றால் அவருக்குக் கால் வலிக்காது.

மேலே பிளாஸ்டிக் நாற்காலிகள், கீச்சிடுகிற மைக், சாளரத்தோரம் ஒரு மின்கெண்டியில் தேநீருக்குத் தண்ணீர். நடுவில் கண்ணாடிப் பெட்டி. திரும்பி வந்த கிளி அதற்குள் வாயைத் திறந்துகொண்டு நின்றது. பின்சுவரில் கல்யாணப் புகைப்படத்தைப் பெரிதாக்கி மாட்டியிருந்தார்கள். பக்கத்தில் அருங்காட்சியகத்து ஆய்வாளர், சின்ன வயது, கையில் வெள்ளைக் கையுறை. அவருக்கு அடுத்து வியாபாரியின் பேத்தி. விழா யாருக்கோ நடக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தாள். கண்ணுக்குக் கீழே கருவளையம், மடியில் கைப்பை, எப்போது முடியும் என்கிற முகம். ஒட்டுக்காரம்மாவுக்கு அந்த முகம் பிடித்துப்போயிற்று. கண்ணாடியில் தினம் பார்க்கிற முகம்தானே.

பேச்சுகள் முடிந்ததும் அவள் எழுந்து போனாள். என்ன பேசுவது என்று வழியெல்லாம் யோசித்து வைத்தது எதுவும் ஞாபகம் வரவில்லை.

"இது உங்க வீட்டுது" என்றாள். "சரி பண்ணக் குடுத்தாங்க. எங்க அப்பா கடையில. யாரும் வரல. அதான்..."

துவாலையைப் பிரித்தாள். பேத்தி எழுந்து நின்றுவிட்டாள். ஆய்வாளர் ஓடிவந்து குனிந்து பார்த்தார், நிமிர்ந்து சுவரைப் பார்த்தார், மறுபடி குனிந்தார். மூன்றாம் முறை நிமிர்ந்தபோது அவர் முகத்தில் சங்கடம் தெரிந்தது.

"அம்மா, தப்பா எடுத்துக்காதீங்க" என்றார் மெதுவாக. "படத்தைப் பாருங்க. ஒரு கிளி வாய் திறந்திருக்கு, ஒண்ணு மூடியிருக்கு. ஒண்ணு பேசுது, ஒண்ணு கேக்குது. இந்த மாதிரி ஜோடி அப்படித்தான் செய்வாங்க. திரும்பி வந்தது பேசுற கிளி. அப்போ உங்க கிட்ட இருக்கிறது வாய் மூடியிருக்கணும். இது திறந்திருக்கே. இது வேற ஏதோ ஜோடியில ஒண்ணா இருக்கலாம். நிறைய செஞ்சிருக்காங்க."

பின்னால் நாற்காலி வரிசையில் சலசலப்பு. "அப்போ இது எந்த வீட்டுல அடிச்சது?" என்று தையல்காரர் பக்கத்தில் இருப்பவரிடம் ரகசியம் பேசினார். ரகசியம் கடைசி வரிசைவரை கேட்டது.

ஒட்டுக்காரம்மா புகைப்படத்தைப் பார்த்தாள். பேசுகிற கிளி, கேட்கிற கிளி. யாரும் அவளுக்குச் சொல்லவில்லையே. அப்பாவுக்கும் சொல்லவில்லை. இவ்வளவு காலம் சுமந்த திருட்டுப் பட்டத்தை இறக்கி வைக்க வந்தால், இன்னொரு திருட்டைத் தூக்கித் தலையில் வைக்கிறார்கள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிடலாமா என்றிருந்தது. உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது என்ற ஒரே காரணத்தால் நின்றாள்.

நின்றபடியே அப்பாவை நினைத்துப் பார்த்தாள். மூக்கில்லாத கிளியை முன்னால் வைத்துக்கொண்டு அவர் நாள்கணக்கில் எதிர்க்கடையையே பார்த்துக்கொண்டிருந்தார். எதிர்க்கடை வாசலில் கூண்டில் ஒரு நிஜக் கிளி தொங்கியது. பழைய தையல்காரரின் செல்லம். வளர்த்தவர் குணத்துக்கு அதுவும் வாய் மூடாது. "ஜோடிதான்" என்று வியாபாரி சொன்னதை, இரண்டும் ஒரே மாதிரி என்று எடுத்துக்கொண்டு, கண்ணுக்கு அகப்பட்ட ஒரே கிளியைப் பார்த்து மூக்குச் செய்திருக்கிறார் அப்பா. மேல்மூக்கு ஒன்று, கீழ்மூக்கு ஒன்று, நடுவில் ஒரு வாய்.

"அப்பா தப்பாப் பண்ணிட்டாரு" என்றாள் சத்தமாக. தன் வாயால் அப்பாவைப் பற்றி அவள் இப்படிச் சொன்னது அதுதான் முதல் முறை. "மூக்கு அவர் செஞ்சது. சுண்ணாம்பும் பசையும். பிரிச்சுக் காட்டுறேன். கொஞ்சம் வெந்நீர் குடுங்க."

ஆய்வாளர் பதறினார். "இருங்கம்மா, பழம்பொருளா இருந்தா வெந்நீர் எல்லாம் வைக்கக் கூடாது. தலைநகரத்துக்கு அனுப்பி, படமெடுத்துப் பார்த்து..."

"எவ்வளவு நாளாகும்?" என்றாள் பேத்தி. அவள் வாய் திறந்தது அப்போதுதான்.

"சில மாசம். வருஷமும் ஆகலாம்."

பேத்தி கண்ணை மூடித் திறந்தாள். "சார், நான் எழுதி எழுதிக் கை ஓஞ்சு போயிட்டேன். இந்தக் கிளி ஒண்ணு என்னுது, இல்லாட்டி இந்த அம்மாவுது. மூணாவது ஆள் யாரும் இல்ல. வெந்நீர் குடுங்க."

ஒட்டுக்காரம்மாவின் வீட்டுக்காரர் அதற்குள் கெண்டியோடு வந்து நின்றார். ஓட்டுநர் உத்தியோகம் பார்த்தவருக்கு நேரத்துக்கு வந்து நிற்கத் தெரியாதா. துவாலையின் ஓரத்தை நனைத்துப் பிழிந்து, கிளியின் முகத்தைச் சுற்றிப் பொத்திப் பிடித்துக்கொண்டாள். ஆறியதும் மறுபடி நனைத்தாள். மண்டபத்தில் பசை நாற்றம் கிளம்பியது. கடைத்தெருக்காரர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டார்கள். அவள் உள்ளங்கைக்குள் மூக்கு மெல்ல வழுக்கிக்கொண்டு வந்தது, ஊறின பழத்தோல் கழலுகிற மாதிரி.

மூக்கு போன இடத்தில் வெள்ளையாக ஒரு மொட்டை வெட்டு. அதைச் சுற்றிக் கன்னத்தில் பூசியிருந்த சுண்ணாம்பையும் விரலால் வழித்தாள். அடியில் மயிரிழை போல ஒரு கறுப்புக் கோடு தெரிந்தது. வெட்டிலிருந்து கிளம்பிக் கன்னம்வரை ஓடி, நுனியில் லேசாக மேலே சுழித்திருந்தது.

"விரிசல்" என்றாள் அவள். "அப்பா விரிசலை அடைச்சிருக்காரு."

ஆய்வாளர் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு சுவர்ப் படத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"விரிசல் இல்லம்மா. வரைஞ்ச கோடு. மூடின வாயோட கோடு" என்றார். "படத்துலயும் இதே சுழி இருக்கு. பாருங்க, சிரிக்கிற மாதிரி."

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. அப்பாவுக்கு வாழ்நாளெல்லாம் விரிசலோடுதான் வேலை. எந்தப் பொருளை எடுத்தாலும் கோடு எங்கே என்றுதான் முதலில் பார்ப்பார். கோட்டைக் கண்டால் அடைப்பார். அந்தக் கண்ணுக்கு ஒரு கிளியின் சிரிப்பு எப்படிச் சிரிப்பாகத் தெரியும்? தனக்கும்தான் தெரியவில்லை, இப்போதுகூட.

பேத்தி கிளியைக் கையில் வாங்கிக்கொண்டாள். சிரித்தாளா அழுதாளா என்று சொல்வது கஷ்டம். இரண்டுக்கும் போதிய தெம்பு இல்லாதவள் செய்கிற ஒன்றைச் செய்தாள்.

"இதை உடைச்சது எங்க அம்மாதான், சின்னப் பிள்ளையா இருந்தப்போ" என்றாள். "பேசுற கிளிக்கு வாயில பருப்பு வச்சு ஊட்டுவாங்களாம். இது வாயைத் திறக்கலையேன்னு, பாவம் பட்டினியா இருக்குன்னு, கரண்டியை விட்டு நெம்பி இருக்காங்க. வாய் திறக்கணும்னுதான் அம்மா அவ்வளவு பாடுபட்டாங்க. உங்க அப்பா திறந்தே குடுத்துட்டாரு."

மண்டபம் சிரித்தது. ஒட்டுக்காரம்மா சிரிக்கவில்லை. அவள் காத்திருந்த வார்த்தை இன்னும் வரவில்லை. கேட்டு வாங்குகிற வார்த்தையா அது? ஆனாலும் கேட்டாள்.

"எங்க அப்பா லாரிக்காரனுக்கு வழி காட்டினாருன்னு சொல்லுவாங்க. உங்க வீட்டுல... உங்க வீட்டுல என்ன சொன்னாங்க?"

தையல்காரர் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தார்.

"எங்க வீட்டுலயா?" என்றாள் பேத்தி. "எங்க வீட்டுல ஒரு பேச்சு உண்டும்மா. எந்தப் பொருள் காணாமப் போனாலும், 'ரிப்பேர் கடையில இருக்கு'ன்னு சொல்லுவோம். பாட்டியோட நகை எங்க? ரிப்பேர் கடையில. பழைய வீடு? அதுவும் ரிப்பேர் கடையில. எங்க மாமா ஒருத்தர் வழியில தொலைஞ்சு போனவரு, கடைசிவரைக்கும் கிடைக்கல. அவரைக் கேட்டாலும் அம்மா அதைத்தான் சொல்லுவாங்க. இனிமே வராதுன்னு சொல்ல மனசு வராது, பாருங்க, அதுக்கு ஒரு சொல்லுன்னு நான் நெனச்சிருந்தேன். நிஜமாவே ஒரு கடை இருக்குன்னு எனக்குத் தெரியாது. அம்மாவுக்குத் தெரிஞ்சிருக்கு. நம்மளுது அங்க பத்திரமா இருக்குன்னுதான் சொல்லியிருக்காங்க. உங்க அப்பாவைத் திருடன்னு நெனச்சிருந்தா, எல்லாத்தையும் அவர் கடையில கொண்டு போயா வைப்பாங்க?"

ஒட்டுக்காரம்மா பக்கத்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தாள். முழங்கால் ஒன்றும் சொல்லவில்லை. பின்வரிசையில் நாற்காலி நகர்ந்தது. தையல்காரர் எழுந்து முன்னால் வந்து, எதற்கு வந்தோம் என்று மறந்தவர் மாதிரி நின்று, கடைசியில் அவள் கையிலிருந்த ஈரத் துவாலையை வாங்கிப் பிழிந்து, மடித்துக் கொடுத்தார். நாக்கு இருந்தும் அன்றைக்கு அவருக்கு வந்தது அவ்வளவுதான். அவளும் அதை வாங்கிக்கொண்டாள்.

ஆய்வாளர் தொண்டையைச் செருமினார். "இதைத் தலைநகரத்துல நிபுணர்கள் கிட்ட குடுத்துச் சரி பண்ணலாம்..."

"இல்ல" என்றாள் பேத்தி. "எங்க தாத்தா இந்தக் கடையிலதானே குடுத்தாரு. வேலை இன்னும் முடியலையே." ஒட்டுக்காரம்மா பக்கம் திரும்பினாள். "முடிச்சுத் தர்றீங்களாம்மா? இந்தத் தடவை வாய் மூடி."

கொடுத்துவிட்டுத் தூங்கலாம் என்று வந்தவள், மூக்கறுந்த கிளியை மறுபடி துவாலையில் சுற்றிக்கொண்டு அதே படிகளில் இறங்கினாள். இறங்குவது ஏறுவதைவிடக் கஷ்டம்.

"தொலைச்சுத் தலைமுழுகப் போறோம்னு நெனச்சேன்" என்றார் வீட்டுக்காரர். "திரும்பவும் கூடவே வருதே."

"முன்ன வராதவங்க பொருள். இப்போ வந்தவங்க பொருள்" என்றாள் அவள். "நாளைக்குச் சுண்ணாம்புப் பொடி வாங்கணும், ஞாபகப்படுத்துங்க."

மூடின மூக்குச் செய்வது திறந்த மூக்கைவிடச் சிரமம். கோட்டின் சுழி பிசகாமல், மேலும் கீழும் ஒன்றோடொன்று படிய வேண்டும். செய்தாள், அழித்தாள், செய்தாள். கண் ஒத்துழைக்காத நாளில் கடையைச் சாத்திவிட்டுத் தூங்கினாள். கடைசியில் ஒரு நாள் சரியாக வந்தது. அதே வஜ்ஜிரப் பசையில்தான் ஒட்டினாள். இன்றைக்குத் தபால் நிலையத்து மாடியில் கண்ணாடிப் பெட்டிக்குள் இரண்டு கிளிகளும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. ஒன்று பேசுகிறது, ஒன்று கேட்கிறது. பார்க்க வருகிற கூட்டத்தில் மாடிப்படி தேய்ந்து, வருஷத்துக்கு ஒரு படி புதிதாகப் போடுகிறார்கள்.

கதை இந்த இடத்துக்கு வந்தபோது, கடை வாசலில் முக்காலி போட்டுச் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த வீட்டுக்காரர் தலையைத் தூக்கினார். "படி கதையை விடுங்க. பெட்டியில ஒரு கிளிதான் நிக்குது. இன்னொண்ணு உங்க தலைக்கு மேல தட்டுல இருக்கு, அண்ணாந்து பாருங்க. மூக்கு முடிஞ்சு எத்தனையோ நாளாச்சு. அந்தப் பேத்தியம்மா மாசத்துக்கொரு தடவை வர்றாங்க, உக்காந்து டீ குடிக்கிறாங்க, எடுத்துட்டுப் போக மட்டும் மாட்டேங்கிறாங்க. எங்க இருக்குன்னு யாராவது கேட்டா, ரிப்பேர் கடையில இருக்குன்னு சொல்லணுமாம்."